வக்கீலம்மாவின் பானெட்

அருணகிரி கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கற்றுக்கொடுக்க வேண்டிய வாணிக்கு முப்பத்தொன்பது.

அருணகிரி திருச்சிப் பக்கம் பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். அவர் போட்ட வெல்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு குறையும் தெரியாது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பழைய கார்களின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. கரூரில் ஒரு பெண் துருப்பிடித்த பழைய கார்களை எடுத்து மறுபடி ஓட வைக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

வாணி அந்த ஊரில் பஸ்களுக்கு பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும் டிங்கர் வேலை பழகியவள். இப்போது சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எப்போதும் மூன்று நான்கு கார்கள் கதவில்லாமலும் கண்ணில்லாமலும் நிற்கும்.

வந்த அன்றைக்கே அருணகிரி கேட்டார்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எதை வெல்டு பண்ணணும், எதைப் பசை வச்சு ஒட்டணும்? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா மீதியை நான் பாத்துக்குவேன்."

வாணி டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு கார் கதவைக் காட்டினாள்.

"அந்தக் கதவுல வெளித்தகடு கீழ்ப்பக்கம் அரிச்சுப் போச்சுங்ணா. வெட்டிட்டுப் புதுசு போடுங்க."

"வெல்டா, பசையா?"

"உங்களுக்கு எது வருமோ அது."

அருணகிரிக்கு வெல்டிங் வரும். அரித்த பகுதியை வெட்டினார். புதுத் தகட்டை மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்தினார். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கை நடுங்காமல் இழுத்துக்கொண்டு போனார். முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது வெல்டு நெளி மோதிரம் போல ஒரே சீராக இருந்தது. கதவு, பொரித்த அப்பளம் போல இருந்தது.

அவருக்குப் பழகியது கனத்த இரும்பு. இந்தத் தகடு சூடு தாங்காமல் அங்கங்கே மேடும் பள்ளமுமாக இழுத்துக்கொண்டுவிட்டது. என்ன நடந்தது என்று புரியாமல் நின்றார்.

வாணி வந்து உள்ளங்கையால் கதவைத் தடவினாள்.

"வெல்டு அருமைங்ணா," என்றாள். பிறகு, "கதவுதான் போச்சு," என்றாள்.

அடுத்த கதவுக்குப் பசை. வாணி ஒருமுறை செய்து காட்டினாள். இரண்டு குழாய்களில் இருந்து வரும் மருந்து ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறத்தில் பிதுங்கும். அதற்கு முன்னால் ஒட்டப்போகிற இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் கீறித் தேய்க்க வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு வெறும் கை படக்கூடாது. பசை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுநாள் வரை கிட்டவே போகக்கூடாது.

மறுநாள் கிளாம்பைக் கழற்றியபோது கதவு நிற்கிற தண்ணீர் போலச் சமமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அருணகிரிக்கு அது சந்தோஷமாக இல்லை. நெருப்பில்லாமல் இரும்பு இரும்போடு சேர்கிறது என்பதை அவருடைய மனம் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு விடை கிடைத்ததாக நினைத்தார்.

"புரிஞ்சுது மாஸ்டர். தகடு மெல்லிசா இருந்தா பசை. கனமா இருந்தா வெல்டு."

"அப்படிங்களா," என்றாள் வாணி.

அந்த வாரம் பள்ளப்பட்டி வக்கீல் மெஹருன்னிசாவின் கார் வந்தது. கறுப்பு நிறம், இங்கிலாந்தில் செய்தது, அறுபது வருஷத்துக்கு மேல் பழையது. திண்டுக்கல்லில் பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்ததைப் பார்த்து, அதன் மூஞ்சி பிடித்துப்போய் வாங்கியதாக வக்கீலம்மா சொன்னார். கோர்ட்டுக்கு அதில்தான் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் படிச்சட்டம் உளுத்திருந்தது. அதுவும் மெல்லிய தகடுதான். அருணகிரி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். வாணி அவர் கையில் இருந்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டு, வெல்டிங் மெஷினைக் காட்டினாள்.

"இது கதவு மாதிரியே மெல்லிசுதானே?"

"ஆமாங்ணா. அதே கனம்தான்."

"அப்புறம்?"

"பஞ்சர் ஆனா ஜாக்கியை எங்க வைப்பாங்க?"

அருணகிரி குனிந்து பார்த்தார். ஜாக்கி வைக்கும் இடம் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. வாணி சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாக, இங்கே ஒரு புள்ளி, தள்ளி அங்கே ஒரு புள்ளி என்று சூடு ஏறவிடாமல் வெல்டு போட்டார். அது நன்றாக வந்தது.

"புரிஞ்சுது. பாரம் தாங்கற இடத்துக்கு வெல்டு. தாங்காத இடத்துக்குப் பசை."

வாணி தன் வேலைக்குத் திரும்பினாள்.

பக்கத்தில் நின்ற வெளிர்பச்சைக் காரில் பின்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டை அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். அருணகிரி போய்ப் பார்த்தார். ஓரங்களில் வெல்டுப் புள்ளிகள். நடுவில் சாம்பல் பசை.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"இது பாரம் தாங்குமா, தாங்காதா?"

"கொஞ்சம் தாங்கும்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தாங்ணா."

அதே காரில் ஏறுபடியை அவள் வெல்டும் செய்யவில்லை, ஒட்டவும் இல்லை. அடியில் ரப்பர் கொடுத்து போல்ட்டு போட்டு முறுக்கினாள். அருணகிரிக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன கணக்கு?"

"இதைக் கழட்டணும்னு யாருக்காச்சும் ஒருநாள் தோணும்."

"எங்க பாய்லர்ல கழட்டறதுங்கற பேச்சே கிடையாது. ஒருதடவை பத்த வச்சா, அது இருக்கற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

"இது பாய்லர் இல்லீங்ணா," என்றாள் வாணி. போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

அன்றிலிருந்து அருணகிரி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் கிடைக்கிற பதில் முந்தைய பதிலை அழித்துவிடுகிறது. அவள் வெல்டு என்றால் வெல்டு போட்டார். பசை என்றால் பசை வைத்தார். ஏன் என்று தெரியாமல் கை மட்டும் வேலை செய்தது.

அப்படி ஒரு நாளில்தான் வக்கீலம்மா காரின் இன்ஜினை மூடும் பானெட் அவர் கைக்கு வந்தது.

அந்தப் பானெட்டின் மேல்தகட்டுக்கு முன்விளிம்பில் மடிப்பு கிடையாது. அடியில் இருக்கும் சட்டத்தின் மேல் தகடு சும்மா படுத்திருக்கும். காரைச் செய்தவர்கள் இரண்டையும் அங்கங்கே புள்ளி வெல்டு அடித்துச் சேர்த்திருந்தார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தண்ணீர் புகுந்து துரு தின்றிருந்தது. அருணகிரி பழைய தகட்டைப் பிரித்தெடுத்துவிட்டு, புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டிக் கொண்டுவந்தார்.

"வெல்டா, பசையா?" என்று கேட்டார். பழக்கத்தில் கேட்டதுதான்.

"பசை," என்றாள் வாணி.

அவர் ஒட்டினார். கிளாம்ப் போட்டார். பெயிண்ட் அடித்த பிறகு பானெட்டில் கொட்டகையின் கூரை அப்படியே தெரிந்தது. வக்கீலம்மா வந்து பானெட்டின் மேல் குனிந்து, தன் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. காலையில் வாணிக்குப் போன் வந்தது. அரவக்குறிச்சியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் போகும்போது பானெட்டின் மேல்தகடு முன்னாலிருந்து உரிந்து எழும்பி, முன்கண்ணாடியில் அறைந்திருக்கிறது. வக்கீலம்மாவுக்குச் சாலையே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தபடி காரை இடதுபக்கம் ஒடித்திருக்கிறார். அது சரிவில் இறங்கி ஒரு முருங்கைத் தோட்டத்துக்குள் போய் நின்றது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

காரைக் கிரேன் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கிய பிறகு வாணியும் அருணகிரியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வக்கீலம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. குரல் கோர்ட்டில் இருப்பது போலவே இருந்தது.

"யாரு ஒட்டினது?"

"என் பட்டறைங்க," என்றாள் வாணி.

"பட்டறை உன்னோடதுன்னு எனக்குத் தெரியும் வாணி. கை யாரோடது?"

"என்னோடதும்மா," என்றார் அருணகிரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மாவுக்கட்டைப் பார்க்கப் பார்க்க அவரால் நிறுத்த முடியவில்லை. "அது பசைம்மா. வெல்டு போட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. முப்பது வருஷமா நான் போட்ட வெல்டு ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்லை."

சொல்லிவிட்டு வாணியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வெல்டே போட்டுடுங்க," என்றார் வக்கீலம்மா. "வண்டியை ஓட்டறது நான். எனக்குக் கெட்டியா இருக்கணும்."

"சரிங்க," என்றாள் வாணி.

வெளியே வந்ததும் அருணகிரிக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், என் மேல கோவமா?"

"இல்லீங்ணா."

"பசைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப ஏன் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை? இது சரிதான், நாங்க தெரிஞ்சுதான் செஞ்சோம், அப்படி ஏதாவது."

"டீ சாப்பிட்டுப் போலாங்களா?" என்றாள் வாணி.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவள் உரிந்து வந்த தகட்டை மேஜை மேல் மல்லாக்கப் போட்டாள். பானெட்டின் அடிச்சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அருணகிரியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிர்பச்சைக் காருக்குப் போய்விட்டாள்.

அருணகிரி இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சட்டத்தின் மேல் பசை முழுசாக இருந்தது. ஒரு இடத்திலும் கிழியவில்லை, பொடியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. இரும்போடு இரும்பாகப் பிடித்திருந்தது.

தகட்டின் அடிப்பக்கத்தில் பசையே இல்லை. கடையில் இருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருந்தது.

சட்டத்தில் இருந்த பசையை மறுபடி உற்றுப் பார்த்தார். அதன் மேற்பரப்பும் தகட்டைப் போலவே வழுவழுப்பாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கோடுகள். வட்டம் வட்டமாக, மெல்லிய கோடுகள். தகட்டில் பட்டிருந்த எண்ணெய்க் கையின் கட்டைவிரல் ரேகை பசையில் பதிந்து இறுகியிருந்தது. அருணகிரி தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாய்லர் தொழிற்சாலையில் சுட்டுக்கொண்ட தழும்பு ரேகையின் நடுவில் குறுக்கே ஓடும். பசையிலும் ஓடியது.

அவர் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து வாணி கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான் இதைத் தேய்க்கலை மாஸ்டர்," என்றார்.

"ம்."

"சட்டத்தைத் தேய்ச்சேன். இது புதுத் தகடு, இதுல தேய்க்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன். துடைக்கக்கூட இல்லை போல."

"ம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில கிரேன்ல வண்டி வந்து இறங்குச்சு பாருங்க, அப்ப."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயேவா?" அருணகிரி எழுந்து நின்றார். "நான் அங்க அவ்வளவு பேசினேனே. அங்கேயே சொல்லியிருக்கலாமே நீங்க."

"நீங்க இன்னும் பாக்கலீங்களே."

அருணகிரி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "அப்ப பசை மேல தப்பில்லை."

"முன் மூலை ரெண்டுலயும் வெல்டுல ஒரு பிடி குடுத்திருக்கணும்," என்றாள் வாணி. "காத்து அங்கதான் புகுந்திருக்கு. அங்க பசை மட்டும் போதும்னு நான் நினைச்சேன். அது என் தப்பு."

"அப்ப பசைதான் தப்பா?"

வாணி தகட்டைப் புரட்டிப் போட்டு, அடிபட்ட இடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், பசை தப்பா, இல்லையா?"

"இந்தத் தகடு உதவாதுங்ணா. வேற வெட்டணும்."

அருணகிரி அன்று சாயங்காலம் பையை எடுத்து வைத்தார். "நான் ஊருக்குப் போறேன்," என்றார். "இது எனக்கு வராது. அங்க எக்ஸ்ரே இருந்துச்சு. நல்லதுன்னா நல்லது, கெட்டதுன்னா கெட்டது. இங்க நான் என்ன செய்யறேன்னே எனக்குத் தெரியலை."

"போங்க," என்றாள் வாணி. குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. "வக்கீலம்மா வண்டியை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

வக்கீலம்மா வெல்டு கேட்டிருந்தார். வெல்டு அருணகிரியின் சொந்த வித்தை. மறுநாள் அதே கனத்தில் துண்டுத் தகடு எடுத்து வெல்டு போட்டுப் பார்த்தார். அலை எழுந்தது. ஈரத்துணி வைத்துக் குளிர்வித்துக்கொண்டே புள்ளி புள்ளியாகப் போட்டுப் பார்த்தார். அலை குறைந்தது, போகவில்லை. பின்னால் இரும்புக் கட்டியைப் பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டி எடுத்துப் பார்த்தார். ஏறக்குறையச் சமமாகிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும். அதைப் பட்டி போட்டு மறைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு தாளைச் செருகினார். தாள் சுலபமாக உள்ளே போனது. முதலில் தண்ணீர் போன வழி அதுதான்.

அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் அங்குமிங்கும் நடந்தார். வாணியிடம் கேட்கலாமா என்று இரண்டு தடவை அவள் பக்கம் போனார். கேட்காமல் திரும்பினார். கடைசியில் துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு பள்ளப்பட்டிக்கு பஸ் ஏறினார்.

வக்கீலம்மா வீட்டு முன்னறை முழுக்கச் சட்டப் புத்தகம். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார்.

"வண்டி முடிஞ்சுதா?"

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும்."

"உக்காந்து சொல்லுங்க."

அருணகிரி உட்காரவில்லை. "வெல்டு மட்டும் போட்டா சரியா வராதும்மா. பசையும் வைக்கணும்."

"நீங்க வெல்டர்தானே?"

"ஆமாம்மா."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்க?"

"வெல்டு போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய் இல்லம்மா. அன்னைக்கு நான் அப்படித்தான் நினைச்சேன்." கையில் இருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பசை பிரிஞ்சதுக்குக் காரணம் நான். தகட்டைத் தேய்க்கணும். தேய்க்காம ஒட்டிட்டேன்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"தெரியும்மா. தேய்க்கணும்னு தெரியும். அன்னைக்கு மனசு அதுல இல்லை."

"இதை ஏன் இங்க வந்து சொல்றீங்க? நான் கேட்டது வெல்டு. போட்டுக் குடுத்துட்டுப் போயிருந்தா எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லை."

அருணகிரி பையில் இருந்து துண்டுத் தகட்டை எடுத்தார். வக்கீலம்மாவின் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து, வெல்டுப் புள்ளிகளுக்கு நடுவே செருகிக் காட்டினார். "தண்ணி இந்த வழியா போகும். உள்ளேயே துரு புடிக்கும். வெளியில தெரியறப்ப லேட்டாயிடும்."

வக்கீலம்மா தாளை வெளியே இழுத்தார். மறுபடி தானே செருகிப் பார்த்தார்.

"சரி. நீங்க சொல்ற மாதிரியே ஒட்டறீங்க. இந்தத் தடவை பிரியாதுன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

பாய்லர் தொழிற்சாலையில் இந்தக் கேள்வி அவரை நோக்கி வந்ததே இல்லை. அதற்கு வேறு ஆள், வேறு அறை, வேறு மெஷின் இருந்தது. முடியும் என்று சொல்ல வாயெடுத்தார்.

"முடியாதும்மா," என்றார்.

"வாணி என்ன சொல்றா?"

"அவங்க எதுவும் சொல்றதில்லைம்மா."

வக்கீலம்மா முதல்முறையாகச் சிரித்தார். "என்கிட்டயும் அப்படித்தான்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஒட்டுங்க. ஆனா முதல் ஓட்டம் நான் ஓட்ட மாட்டேன்," என்றார்.

அருணகிரி புதுத் தகடு வெட்டினார். சட்டத்தில் இருந்த பழைய பசையைச் சூடு காட்டி இளக்கிச் சுரண்டி எடுத்தார். கட்டைவிரல் பதிந்த இடம் கடைசியாகப் போனது. இரண்டு முகங்களையும் தேய்த்தார். குறுக்கும் நெடுக்குமாக, பளபளப்பு செத்து வெறும் சாம்பல் நிறம் வரும்வரை. கையுறை போட்டுக்கொண்டு துடைத்தார். அழுக்கு வராத துணி வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்தார்.

பசை வைக்கும்போது முன் மூலைகள் இரண்டையும் விட்டுவிட்டு, நாலு விரல் தள்ளித் தொடங்கினார். பசை இறுகிய பிறகு, சூடு அதற்குப் போகாமல் ஈரத்துணியை அணைகட்டி, இரண்டு மூலைகளிலும் இரண்டிரண்டு புள்ளி வெல்டு வைத்தார். மூலையின் சந்துகளைத் தண்ணீர் புகாதபடி அடைத்தார்.

வாணி வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு தள்ளிப் பசையை நிறுத்தச் சொன்னது யாருங்ணா?"

"யாரும் சொல்லலை. கிட்ட வச்சா வெல்டு சூட்டுல பசை கருகும்னு தோணுச்சு." கொஞ்சம் பயத்தோடு கேட்டார், "தப்பா?"

"ம்," என்றாள் வாணி. அது எந்த ம் என்று அவருக்குப் புரியவில்லை.

பானெட்டை ஒட்டிய அதே பசையில், அதே நேரத்தில், அவர் சோதனைக்காக இரண்டு துண்டுத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தார். அதை மேஜையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கி, குழாய் செருகி நெம்பினார். தகடு வளைந்தது, கிழிந்தது. ஒட்டு விடவில்லை. அதை வாணியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"அப்ப பானெட்டும் இப்படித்தான் இருக்கும்?"

"இந்தத் துண்டு நல்லா இருக்குங்ணா," என்றாள் வாணி.

பெயிண்ட் காய்ந்து, புதுக் கண்ணாடி போட்டு, கார் தயாரானது. காலையில் அருணகிரி சாவியை எடுத்தார். அவர் தனியாகப் போவதாக இருந்தார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியபோது, மறுபக்கக் கதவைத் திறந்து வாணி ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க மாஸ்டர்?"

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

ஊருக்குள் மெதுவாகப் போனார். வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. நான்குவழிச் சாலையில் ஏறியதும் காற்று வந்தது. கறுப்புப் பானெட்டின் மேல் மேகங்கள் பின்னோக்கி ஓடின. அருணகிரியின் கண் சாலையில் பாதியும் பானெட்டின் முன்விளிம்பில் பாதியுமாக இருந்தது.

அறுபது. அறுபத்தைந்து. ஒரு லாரி தாண்டிப் போனது. அதன் காற்று காரை ஒரு தள்ளு தள்ளியது. அவருடைய கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தன. விளிம்பு அப்படியே இருந்தது.

அரவக்குறிச்சி தாண்டியது. இடதுபக்கம் முருங்கைத் தோட்டங்கள் வரத் தொடங்கின. அருணகிரி வேகத்தைக் குறைக்க நினைத்தார். குறைக்கவில்லை.

"மாஸ்டர்," என்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "இது பிரியாதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

வாணி பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்ணா," என்றாள். "தெரிஞ்சிருந்தா, நீங்களே போயிட்டு வாங்கன்னு விட்டிருப்பேன்."